நண்டுக்கும் இறாலுக்கும் பாட்டன் யார்?

கடலுக்கு அடியில் சேறு.

அந்தச் சேற்றில் ஒரு பூச்சி. எள் அளவுதான் இருக்கும். அதற்குக் கண் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி நிறமும் இல்லை. வலை போட்டு அதை யாரும் பிடிப்பது இல்லை. சந்தையில் அது காலணாவுக்கும் விலை போகாது.

ஆனால், அந்த எள்ளுப் பூச்சிக்காக விஞ்ஞானிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் வழக்காடினார்கள். சொத்து வழக்கு அல்ல. பரம்பரை வழக்கு!

நண்டு, இறால் இனத்தின் மூதாதை எப்படி இருந்தார்? அவரைப் போலவே இன்றும் இருப்பவர் யார்? இதுதான் வழக்கு.

வழக்கில் மூன்று பேர் உண்டு. ஒருவர் சேற்றில் இருந்தார். ஒருவர் மணலில் இருந்தார். மூன்றாமவர் இருட்டுக் குகையில் இருந்தார். மூவருமே மிக அண்மைக் காலம் வரை மனிதன் கண்ணில் படாமல் ஒளிந்து இருந்தவர்கள்.

சேறு சலித்த மாணவர்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க் நகரை ஒட்டி ஒரு தீவு நீண்டு கிடக்கிறது. அதன் பெயரே "நீளத் தீவு"தான். லாங் ஐலண்ட் என்பார்கள். அந்தத் தீவுக்கும், எதிரே உள்ள கனெக்டிகட் மாநிலத்துக்கும் நடுவில் கடல் புகுந்து நிற்கிறது. அந்தக் கரையில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் ஹோவர்டு சாண்டர்ஸ் என்ற மாணவர் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படித்துக் கொண்டு இருந்தார். அவர் எடுத்துக் கொண்ட வேலை பார்ப்பதற்குக் கௌரவமான வேலை அல்ல. சேறு அள்ளும் வேலை!

படகில் போவார். கடலின் அடியில் இருந்து சேற்றை அள்ளுவார். நெருங்கிய கண் உள்ள சல்லடையில் போட்டு அலசுவார். சேறு கரைந்து போகும். புழு, பூச்சி, சிப்பிக் குஞ்சு மட்டும் சல்லடையில் நிற்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து, இது எத்தனை, அது எத்தனை என்று எண்ணிக் கணக்கு எழுதுவார்.

"சேற்றுப் புழுவை எண்ணுவதற்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று சிரிக்கத் தோன்றும். ஆனால், கடல் அடியில் மேயும் மீனுக்குச் சோறு விளையும் வயல் அந்தச் சேறுதான். அந்த வயலில் என்ன விளைகிறது, எவ்வளவு விளைகிறது என்று தெரியாமல் மீனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அப்படி அலசிக் கொண்டு இருந்தபோதுதான், சல்லடையில் ஒரு புதுப் பூச்சி மிஞ்சியது.

அதன் நீளம் 2 முதல் 4 மில்லி மீட்டருக்குள். தலை, குதிரை லாடம் போல் வளைந்து அகன்று இருந்தது. உடல் மெலிந்து, வளையம் வளையமாக நீண்டது. முன் வளையங்களில் கால்கள். பின் வளையங்கள் வெறும் வால். கண்ணைத் தேடினார், வெளியே எங்கும் காணோம்.

இது எந்த இனம்? புத்தகங்களைப் புரட்டினார்கள். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

மீசையை எண்ணினால் குலம் தெரியும்

இங்கே கொஞ்சம் நின்று, பிராணிகளை இனம் பிரிப்பது எப்படி என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான், சாண்டர்ஸ் ஏன் தூக்கம் இழந்திருப்பார் என்பது புரியும்.

கணுக் கணுவாகக் கால் உள்ள பிராணிகள் உலகில் ஏராளம். சிலந்தி, தேள், பூரான், ஈ, எறும்பு, நண்டு எல்லாம் அந்தக் கூட்டம்தான். இவற்றைப் பிரிப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மீசையை எண்ண வேண்டும்!

சிலந்திக்கும் தேளுக்கும் மீசையே கிடையாது. கரப்பான் பூச்சிக்கு ஒரு ஜோடி மீசை. இறாலுக்கு இரண்டு ஜோடி மீசை. அடுத்த தடவை வீட்டில் இறால் வாங்கினால், தலையைக் கிள்ளி எறியும் முன்பு பார்க்கலாம். நீளமான மீசை ஒரு ஜோடி. அதன் அருகே குட்டை மீசை ஒரு ஜோடி.

இரண்டு ஜோடி மீசை இருந்தால், அது ஓட்டுடலி இனம். அதாவது, உடம்புக்கு மேல் ஓட்டைச் சட்டையாகப் போட்டு, வளர வளர அதைக் கழற்றிப் போடுகிற இனம். நண்டு, இறால், சிங்கி இறால், குளத்தில் துள்ளும் தண்ணீர்ப் பூச்சிகள், மரக்கலத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக் கொண்டு வளரும் பிராணி எல்லாம் இந்த இனம். 60 ஆயிரம் வகைகளுக்கு மேல் எழுதி வைத்து இருக்கிறார்கள்.

சேற்றுப் பூச்சிக்கும் இரண்டு ஜோடி மீசை இருந்தது. ஆகவே, குலம் தெரிந்து விட்டது. ஆனால், எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை.

கடிதத்தில் விலாசம் எழுதுகிறோம் அல்லவா? கதவு எண், தெரு, ஊர், மாவட்டம் என்று எழுதுகிறோம். பிராணிகளுக்கும் அதேபோல் விலாசம் உண்டு. புது வகைப் பூச்சி ஒன்று கிடைத்தால், பழைய தெருவில் புதுக் கதவு எண் போடுவார்கள். அது தினம் தினம் நடக்கிற காரியம். புதுத் தெரு போடுவது அபூர்வம். புது மாவட்டமே போடுவது என்றால்?

சாண்டர்ஸின் பூச்சி எந்த மாவட்டத்திலும் அடங்கவில்லை. அதற்குப் புது மாவட்டமே போட வேண்டி இருந்தது. இன்னும் பட்டம் வாங்காத ஒரு மாணவர், எள்ளுப் பூச்சி ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டு, "ஓட்டுடலிகளின் பட்டியலையே மாற்றுங்கள்" என்று கேட்க வேண்டும். தப்பாகப் போனால் ஊர் சிரிக்கும்!

தாடை இருக்கும் இடத்தில் கால்!

அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது, பூச்சியின் கால்தான்.

இறாலைப் பாருங்கள். மீசைக்குப் பிறகு தாடை. தாடைக்குப் பின்னால் இரண்டு ஜோடித் துணைத் தாடை. அப்புறம் இரையைப் பிடித்து வாயில் ஊட்டும் சிறு கால்கள். அதன் பிறகு நடப்பதற்கு 5 ஜோடிக் கால். வயிற்றுக்கு அடியில் நீந்துவதற்கு 5 ஜோடித் துடுப்பு. ஒவ்வொன்றும் ஒரு வடிவம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

சேற்றுப் பூச்சியிடம் அப்படி இல்லை. எல்லாக் காலும் ஏறக்குறைய ஒரே அச்சு. ஒரே கால் நடக்கிறது. அதே கால் தண்ணீரைத் தள்ளுகிறது. அதே கால் சாப்பாட்டையும் கூட்டிச் சேர்க்கிறது.

பழைய காலத்துச் சிற்றூரில் ஒரே ஆள் ஏர் உழுவான், கூரை வேய்வான், கூடையும் முடைவான். ஊர் பெரிதாகி நகரம் ஆன பிறகுதான் தச்சன் தனி, கொத்தன் தனி, தையல்காரன் தனி என்று ஆகிறது. இறால், நகரம். சேற்றுப் பூச்சி, பழைய சிற்றூர்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் தலையில் இருந்தது.

இரண்டாவது துணைத் தாடை இருக்க வேண்டிய இடத்தைச் சாண்டர்ஸ் பார்த்தார். அங்கே தாடை இல்லை. ஒரு ஜோடிக் கால் இருந்தது! உடம்பில் இருக்கும் கால்களைப் போலவே அச்சு அசலாக ஒரு கால், தலையில் முளைத்து இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம்? தாடையும் ஒரு காலத்தில் காலாகத்தான் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில், வாய்க்குப் பக்கத்தில் இருந்த கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகி, மெல்லும் கருவியாக மாறின. மற்ற ஓட்டுடலிகளில் அந்த மாற்றம் முடிந்து விட்டது. இந்தப் பூச்சியில் மட்டும் பாதியில் நிற்கிறது. விஞ்ஞானிகள் யூகமாகச் சொல்லி வந்தது, இங்கே உயிரோடு ஊர்ந்தது.

ஸ்காட்லாந்து நாட்டுக் கல் ஒன்றில் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சமாதியான ஒரு சிறு ஓட்டுடலி கிடைத்து இருந்தது. 1926-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கல் பூச்சியையும் தமது சேற்றுப் பூச்சியையும் சாண்டர்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். பல ஒற்றுமைகள் தெரிந்தன.

குருவுக்குக் காணிக்கை

1955-ல் சாண்டர்ஸ் உலகத்துக்கு அறிவித்தார். புதுப் பிரிவுக்கு "செபலோகாரிடா" என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அதற்குத் "தலை இறால்" என்று பொருள்.

பூச்சிக்கு வைத்த பெயர், ஹட்சின்சோனியெல்லா மக்ரகாந்தா. பூச்சியை விடப் பெயர் நீளம்! பின் பாதிக்கு "நீண்ட முள்" என்று பொருள். முன் பாதி, யேல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஈவ்லின் ஹட்சின்சன் பெயர். ஏரிகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் ஆராய்ந்து பெரும் புகழ் பெற்றவர் அவர். குருவுக்கு மாணவர் கொடுத்த காணிக்கை, ஒரு சேற்றுப் பூச்சி. குரு கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை. விஞ்ஞான உலகில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

வாலில் இருந்து வாய்க்கு

சாண்டர்ஸ் அதோடு விடவில்லை. உயிருள்ள பூச்சிகளைக் கண்ணாடியின் கீழே வைத்து, அவை நடப்பதையும் தின்பதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1963-ல் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார்.

நெல் வயல் மீது காற்று அடித்தால், கதிர்களின் மேல் அலை ஓடும் அல்லவா? அதுபோல் இந்தப் பூச்சியின் கால்களில் அலை ஓடுகிறது. ஒரு ஜோடிக் கால் அசைந்ததும் அடுத்த ஜோடி அசைகிறது. அதை அடுத்து அதற்கு அடுத்தது. இந்த அசைவால் நீர் உள்ளே இழுபடுகிறது. சேற்றின் மேல் படிந்து கிடக்கும் மக்கிய துகள்களும் கூடவே வருகின்றன.

கால்களுக்கு நடுவே, வயிற்றின் மத்தியில் ஒரு சிறு வாய்க்கால் ஓடுகிறது. துகள்கள் அந்த வாய்க்காலில் விழும். பின் கால் முன் காலுக்குத் தள்ளும். அது அதற்கு முன் காலுக்குத் தள்ளும். வீடு தீப்பிடித்தால் ஊரார் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றுவார்களே, அதுபோல்தான். கால் மாறிக் கால் மாறிச் சாப்பாடு வாய்க்கு வந்து சேரும்.

நமக்கு உணவு முன்னால் இருந்து வருகிறது. இதற்குப் பின்னால் இருந்து வருகிறது! நடக்கிறபோதே சாப்பாடும் சேர்ந்து விடுகிறது. நின்று தின்ன வேண்டிய அவசியம் இல்லை.

ஆண், பெண் என்ற வித்தியாசமும் இந்தப் பூச்சியில் கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் ஆண்; அதுவே பெண். முட்டைப் பையும் விந்துப் பையும் ஒரே உடலில் இருக்கின்றன. இரண்டில் இருந்தும் வரும் குழாய்கள் ஒன்றாகக் கூடி வெளியே திறக்கின்றன. ஓட்டுடலிகளில் இது அபூர்வம்.

கடலில் பெரிய இறால் ஒன்று ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டை இடும். இந்தப் பூச்சி எத்தனை முட்டை சுமக்கிறது தெரியுமா? ஒன்று அல்லது இரண்டு! பக்கத்துக்கு ஒன்றாக, உடம்பிலேயே ஒட்ட வைத்துக் கொண்டு திரிகிறது. குஞ்சு வெளி வந்ததும் பெரியவர்களைப் போல் ஆகி விடுவது இல்லை. பத்துத் தடவைக்கு மேல் சட்டை கழற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் உடல் கொஞ்சம் நீளுகிறது. கால் ஒன்று இரண்டு கூடுகிறது.

மணலில் ஒளிந்த மீசைக்காரர்

சாண்டர்ஸுக்கு முன்பே, இதேபோல் புதிய பிரிவு ஒன்று கிடைத்து இருந்தது. அது கிடைத்த இடம்தான் வேடிக்கை.

அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. கடல் ஆராய்ச்சிக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். அங்கே கோடைக் காலத்தில் விஞ்ஞானிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கடலுக்குப் போவார்கள், வருவார்கள். குளிக்கப் போகும்போது மணலில் நடப்பார்கள்.

அப்படி அவர்கள் மிதித்து நடந்த மணலில், 1939-ல் ராபர்ட் பென்னக் என்ற விஞ்ஞானி ஒரு பிராணியைக் கண்டார். ஈர மணலில் ஒரு மணலுக்கும் இன்னொரு மணலுக்கும் நடுவே உள்ள சந்தில் அது குடி இருந்தது. நீளம், அரை மில்லி மீட்டர்! இத்தனை ஆண்டுகளாக அத்தனை விஞ்ஞானிகளின் காலடியில் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பென்னக்கும், டொனால்டு சின் என்பவரும் சேர்ந்து 1943-ல் அதைப் பற்றி எழுதினார்கள். "மிஸ்டகோகாரிடா" என்று பெயர் வைத்தார்கள். அதற்கு "மீசை இறால்" என்று பொருள். தலையில் உள்ள உறுப்புகளில் மயிர் அடர்ந்து இருப்பதால் அந்தப் பெயர். அது நடப்பதும் பெரும்பாலும் தலை உறுப்புகளால்தான். மணலின் இரு பக்கமும் தலையில் உள்ள கைகளை ஊன்றி ஊன்றித் தள்ளிக் கொண்டு போகும். உடம்பில் உள்ள கால்கள் வெறும் குச்சிகள்.

பிறகு மத்தியதரைக் கடல் கரையிலும் வேறு இடங்களிலும் இதன் உறவினர்கள் கிடைத்தனர். மொத்தம் 13 வகை.

இவ்வளவு எளிய உடல் உள்ளதால், இதுதான் ஆதிப் பிராணியோ? அங்கேதான் சிக்கல். ஒரு ஊரில் ஓலைக் குடிசை இருக்கிறது. அது பழைய காலத்து வீடாக இருக்கலாம். அல்லது மாடி வீட்டில் இருந்தவர் நொடித்துப் போய், போன வருஷம் கட்டிக் கொண்ட குடிசையாகவும் இருக்கலாம். குடிசையைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

மீசை இறாலைப் பலர் இரண்டாவது வகை என்று நினைக்கிறார்கள். மணல் சந்தில் வாழ்வதற்காக, வளர்ச்சியைப் பாதியில் நிறுத்தி, குஞ்சுப் பருவத்திலேயே நின்று விட்ட பிராணி இது என்பது அவர்கள் கருத்து. எளிய பிராணி எல்லாம் பழைய பிராணி ஆகி விடாது.

குகையில் இருந்து வந்த போட்டி

சாண்டர்ஸின் பூச்சிக்குச் சுமார் 25 ஆண்டுகள் போட்டி இல்லை. 1979-ல் போட்டி வந்தது.

பகாமாத் தீவுகளில் லுகாயன் குகை என்று ஒன்று உண்டு. தரைக்கு அடியில் நீர் நிரம்பிய குகை. மேலே நல்ல தண்ணீர். கீழே உப்புத் தண்ணீர். உள்ளே கன்னங்கரிய இருட்டு. ஜில் யாகர் என்ற பெண் விஞ்ஞானி, காற்றுப் புட்டியை முதுகில் கட்டிக் கொண்டு அதற்குள் நீந்தினார். விளக்கு வெளிச்சத்தில், பூரான் போல் ஒன்று மல்லாந்து நீந்திப் போவதைக் கண்டார்.

நீளம் ஓரிரு அங்குலம்கூட இல்லை. கண் கிடையாது. உடல் முழுவதும் வளையம். வளையத்துக்கு ஒரு ஜோடித் துடுப்பு. தலையைத் தவிர எல்லா வளையமும் ஒரே மாதிரி! 1981-ல் இதற்கும் புதுப் பிரிவு போட்டார்கள். "ரெமிபீடியா", அதாவது "துடுப்புக் காலி" என்று பெயர்.

இதற்குச் சொந்தமாக இருக்கலாம் என்று கருதப்படும் ஒரு கல் பூச்சியைப் பற்றி வேறு ஒருவர் முன்பே எழுதி இருந்தார். அது எழுதப்பட்ட ஆண்டும் 1955!

"உடல் முழுவதும் ஒரே மாதிரி வளையம். இதுவல்லவா ஆதி வடிவம்?" என்றனர் ஒரு சாரார். "இல்லை, இல்லை. தாடை இடத்தில் கால் வைத்து இருக்கிற சேற்றுப் பூச்சிதான் மூத்தது" என்றனர் இன்னொரு சாரார்.

குகைப் பிராணியின் தலையை ஆராய்ந்தபோது, அது அவ்வளவு சாதுவான கிழவர் அல்ல என்று தெரிந்தது. அதன் வாய்க்குப் பக்கத்தில் கூரிய கொக்கிகள் இருந்தன. அவற்றின் வழியே இரையின் உடம்பில் விஷத்தைச் செலுத்துகிறது! 2013-ல் இது உறுதியாயிற்று. மெக்சிகோ நாட்டுக் குகையில் எடுத்த பிராணியில் இந்தச் சோதனை நடந்தது. ஓட்டுடலிகளில் விஷம் உள்ளதாக நிரூபிக்கப்பட்ட முதல் பிராணி இதுதான்.

கரப்பான் பூச்சியும் இறாலும் உறவு

இரண்டு பக்கமும் கால், தலை, தாடை என்று வாதாடிக் கொண்டு இருந்தபோது, புதிய சாட்சி ஒன்று வந்தது. உயிர் அணுவுக்குள் இருக்கும் மரபணுதான் அந்தச் சாட்சி. வெளி உருவம் ஏமாற்றலாம். மரபணு, பத்திரப் பதிவு அலுவலகத்து ஏடு மாதிரி. பழைய உறவு அதில் எழுதி இருக்கும்.

2010-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 75 வகைக் கணுக்காலிப் பிராணிகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அதில் வந்த முடிவைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தனர். சேற்றுப் பூச்சியும் குகைப் பிராணியும் நண்டுக்கோ இறாலுக்கோ நெருங்கிய சொந்தம் அல்ல. ஈ, எறும்பு, வண்டு, கரப்பான் ஆகிய பூச்சி இனத்துக்குத்தான் அவை நெருங்கிய சொந்தம்!

பிறகு இன்னும் அதிக மரபணுக்களை எடுத்துப் பார்த்தார்கள். குகைப் பிராணி, பூச்சிகளுக்குப் பக்கத்திலேயே உறுதியாக நின்றது. சேற்றுப் பூச்சி ஓரடி தள்ளி நின்றது.

அப்படியானால் பூச்சி இனம் தனிக் குலம் அல்ல. ஓட்டுடலிக் குலத்தில் ஒரு கிளை, கடலை விட்டுக் கரை ஏறிச் சிறகு முளைத்துப் பறந்து போயிற்று. இறாலை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் கரப்பானைக் கண்டால் அருவருத்து ஓடுகிறார்கள். இரண்டும் பங்காளிகள்!

சரி, சாண்டர்ஸ் சொன்னது பொய்யா?

"எல்லா ஓட்டுடலிகளுக்கும் மூத்த கிளை இதுவே" என்ற அவர் பக்கத்து வாதம் தோற்றது. மரத்தின் அடியில் இருந்த பூச்சியை, மரபணு ஆராய்ச்சி ஒரு பக்கக் கிளைக்குக் கொண்டு போய் விட்டது. ஆனால், காலைப் பற்றி அவர் சொன்னது தோற்கவில்லை. சுவீடன் நாட்டில் சுமார் 50 கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புக் கற்களை அமிலத்தில் கரைத்து, ஜெர்மனி விஞ்ஞானி கிளாஸ் முல்லர் அதிசயமான கல் பூச்சிகளை எடுத்தார். அவற்றில் பல 2 மில்லி மீட்டர்கூட இல்லை. ஆனாலும், கால் மயிர்கூடச் சிதையாமல் இருந்தது. அந்த ஆதிப் பிராணிகளின் தலையிலும், இரண்டாவது துணைத் தாடையின் இடத்தில் கால்தான் இருந்தது!

பாட்டன் எப்போதோ இறந்து போனார். பாட்டன் கட்டிய வீட்டை இடிக்காமல், ஒரு தூணையும் மாற்றாமல், ஒரு பேரன் குடி இருக்கிறான். சேற்றுப் பூச்சி அந்தப் பேரன்.

அந்தப் பேரனுக்கு உலகம் எங்கும் உறவினர்கள் கிடைத்தனர். ஜப்பானில் கிடைத்த ஒன்றுக்குச் சாண்டர்ஸின் பெயரையே வைத்து விட்டார்கள். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில் கிடைத்த ஒன்றுக்கு, "தற்செயலாகக் கிடைத்தது" என்று பொருள்படும் பெயர். நியூசிலாந்து, பெரு, பிரேசில், இத்தாலியின் சார்டினியாத் தீவுப் பக்கம் எல்லாம் அகப்பட்டன. ஆயிரம் மீட்டருக்கும் அதிக ஆழத்திலும் இருக்கின்றன. இத்தனைக்கும் மொத்த வகை ஒரு டஜனைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

சேற்றில் கலந்த எண்ணெய்

படிப்பு முடிந்த பிறகு, சாண்டர்ஸ் உட்ஸ் ஹோல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்த ஊரை அடுத்து பசார்ட்ஸ் வளைகுடா இருக்கிறது. அதன் சேற்றிலும் அவருடைய பூச்சி வாழ்ந்தது. அங்கே உள்ள சேற்றை, வீட்டுக் கொல்லையைப் போல் அவர் அறிந்து வைத்து இருந்தார்.

1969-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, "புளோரிடா" என்ற எண்ணெய்ப் படகு அந்த வளைகுடாவில், வெஸ்ட் பால்மவுத் ஊருக்கு அருகே பாறையில் மோதித் தரை தட்டியது. நூற்றுக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. காற்று அதைக் கரைப் பக்கம் தள்ளியது.

மீனும், சிங்கி இறாலும், நண்டும், புழுவும் செத்துக் கரையில் குவிந்தன. சில நாளில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மறைந்தது. தண்ணீர் பளிச்சென்று ஆயிற்று. "எல்லாம் சரியாகி விட்டது" என்று நினைக்கத் தோன்றும் காட்சி.

சாண்டர்ஸும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் ஹாம்ப்சனும் தண்ணீரைப் பார்க்கவில்லை. சேற்றை அள்ளினார்கள். பழைய படியே சல்லடை. பழைய படியே எண்ணிக்கை. எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. கீழே இறங்கிச் சேற்றில் கலந்து இருந்தது! இறால் இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள், எண்ணெய் மிகுந்த இடங்களில் அடியோடு அழிந்தன. அவை செத்த இடத்தில் ஒரே ஒரு வகைப் புழு மட்டும் கொத்துக் கொத்தாகப் பெருகியது. மற்றவை திரும்பி வர ஆண்டுகள் ஆயின.

லட்சம் முட்டை இடும் பிராணி, காலி இடத்தைச் சீக்கிரம் நிரப்பி விடும். இரண்டு முட்டை சுமக்கும் பிராணி என்ன செய்யும்?

ஆண்டுதோறும் எண்ணி, 1980-ல் சாண்டர்ஸ் குழுவினர் முழு விவரத்தையும் வெளியிட்டனர். எண்ணெய் கொட்டுவதற்கு முன்பு சேற்றில் என்ன இருந்தது என்று தெரிந்த ஆள் அருகில் இருந்தபடியால்தான், என்ன போயிற்று என்பதும் தெரிந்தது. மாணவராக இருந்தபோது புழு எண்ணிய படிப்பு அங்கே கை கொடுத்தது.

சாண்டர்ஸ் 2001-ல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டில், எண்ணெய் ஒதுங்கிய சதுப்பு நிலத்தில் வேறு விஞ்ஞானிகள் குழாயை இறக்கி மண் எடுத்துப் பார்த்தனர். சில அங்குல ஆழத்தில், 30 ஆண்டுக்கு முந்திய அதே எண்ணெய் இருந்தது.

அந்தச் சதுப்பில், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. மற்ற இடத்தில் அவை நேராகக் கீழே தோண்டும். இங்கே தோண்டிய வளைகளைப் பற்றி 2007-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. எண்ணெய் கலந்த மண் வந்ததும் நண்டு தோண்டுவதை நிறுத்தி, வளையைப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டு போயிருந்தது.